திரும்பிய திகதி

நிகழ்ச்சி நிரலில் பத்தாம் நாளுக்கு
இவ்வளவுதான் இருந்தது:
காலை, மட்டக்களப்பு. மாலை, ஒன்றுமில்லை.

புனானை தாண்டும்போதே
மத்தளம் இளகத் தொடங்கிவிட்டது.
தாதோங்கில் அது வேறொரு வாத்தியம்.
ஈரம் என்பதே அறியாத காற்று
தோலை இழுத்து இழுத்து
தட்டினால் கண்ணாடிபோல் கிணுங்கும்.
தில்லைப்போடியார் ஹொட்டல் குளியலறையில்
சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு
சளி பிடித்த பிள்ளையைப் பிடிப்பதுபோல்
அதை ஆவிக்குள் பிடித்துக்கொண்டு நிற்பார்.
இப்போது மடியில் வைத்து
ஒற்றை விரலால் தட்டிப் பார்த்து
"வந்திட்டு" என்றார்.
ஸ்டேஷனைச் சொல்கிறாரென்று
கிருபாகரி பெட்டிகளை இறக்கத் தொடங்கினாள்.
இன்னும் வாழைச்சேனைகூட வரவில்லை.

விடியும்வரை ஆடுகிற கூத்தை
ஏழு நிமிடத்துக்கு நறுக்கித்தான் கொண்டுபோனோம்.
அதற்குள் அபிமன்யு
வரவு ஆடி, தாயிடம் சொல்லிக்கொண்டு,
வியூகத்துள் நுழைந்து,
சாகவும் வேணும்.
கடைசி இரவு, சுரங்கத் தொழிலாளர் மண்டபத்தில்
அவன் விழுந்ததும் விளக்கை அணைக்க மறந்துபோனார்கள்.
செத்தவன் கிடக்கிறான், கைதட்டல் நிற்கவில்லை,
கரப்புடுப்போடு தானாக எழும்பவும் ஏலாது.
சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற ஒருத்தி
ஏப்ரனோடு மேடையேறி
கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.
அந்தக் கையில் வினாகிரி மணந்ததாம்.
கோட்டை ஸ்டேஷனிலிருந்து ஏறாவூர்வரை
சஜீதரனுக்கு வேறு கதையே இல்லை.

ஆடின கச்சேரி முடிந்தது,
இனி அரசாங்கக் கச்சேரி.
ஸ்டேஷன் தேத்தண்ணீரில் எட்டரை மணியாக்கி
கோட்டை வாசலால் நுழைந்து
வாவியைப் பார்த்தபடி கிடக்கும் பீரங்கியைத் தாண்டி
மேல்மாடி ஏறினோம்.
திரும்பாமல் அங்கேயே நின்றுவிடுவோமென்று
புறப்பட முதல் ஆளுக்கொரு பிணை கேட்டவர்கள்.
பதினொரு பேரும் நேரில் வந்து ஒப்பமிட வேணும்.
பெயர். அடையாள அட்டை இலக்கம்.
போன திகதி. திரும்பிய திகதி.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் முதல் ஒப்பம் என்னுடையது.
பிறகு மூலையில் இருந்து எண்ணினேன்:
சல்லரி இரண்டு, சரி.
கெச்சம் ஒன்றில் மூன்று மணி குறைவு.
மிச்சம் நாற்பத்தாறு யுவான்,
அதை எந்தத் தலைப்பில் போடுவதென்று தெரியவில்லை.

ஏழாவது ஆள் இராசமலர் அக்கா, பிற்பாட்டு.
மூன்று கட்டத்தையும் மளமளவென்று நிரப்பினா.
நாலாவதில் பேனா நின்றது.
"இருபத்தொண்டு, அக்கா," என்றேன்.
"தெரியும் புள்ள."
மின்விசிறி தாளைத் தூக்கியது.
உள்ளங்கையால் அமத்திக்கொண்டு சொன்னா:
"தம்பிக்கும் இப்பிடித்தான் படிவம் நிரப்பின.
தொண்ணூறில இருந்து எத்தின.
எல்லாத்திலயும் போன திகதிதான் கேட்டானுகள்.
இந்தக் கட்டம் ஒண்டிலயும் இருக்கல்ல."

கடையில் உப்பு முடிந்துவிட்டதென்று
சொல்லும் குரல்.
மறுகா எழுதினா, ஆறுதலாக,
நாள், மாதம், வருடம்.
கேட்காத நேரத்தையும் எழுதினா:
காலை நாலு ஐம்பது.

"நேரம் தேவையில்ல," என்றார் எழுதுவினைஞர்.
"கிடக்கட்டும்."
வெட்ட எடுத்த சிவப்புப் பேனாவை
அவர் மூடி வைத்துவிட்டார்.

அவவுக்குப் பின்னால் நின்ற நாலு பேரும்
யாரும் சொல்லாமலே நேரம் போட்டார்கள்.
தில்லைப்போடியாருக்குக் கண்ணாடி இல்லை,
கிருபாகரி எழுத அவர் பெருவிரலை வைத்தார்.
கீழே சஜீதரன், கரப்புடுப்புப் பெட்டி
ஆட்டோவுக்குள் அடங்காதென்று
யாரோடோ சத்தம் போடுவது கேட்டது.

நான் தாளைத் திரும்ப வாங்கினேன்.
என் வரியில் திகதி தனியாக நின்றது.
ஒடுக்கி ஒடுக்கி எழுதியும்
இடம் போதவில்லை.
மணி கட்டத்துக்குள் நின்றது,
நிமிடம் கோட்டைத் தாண்டிப் போயிற்று.